எழுபத்தொன்று மில்லிமீட்டர்

அத்தியாயம் 9

அண்ணாதான் அப்பாவைக் கொன்றான் என்று அம்மா இன்று காலை மூன்று பேரிடம் சொல்லிவிட்டாள். மூன்று முறையும் நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். மூன்று முறையும் இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

புஷ்பராணி இப்படி நினைத்தாளே தவிர, வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, "அம்மா, தேத்தண்ணி ஆறுது" என்று மட்டும்தான் சொன்னாள்.

கமலாம்பிகை தலையை அசைத்துவிட்டுப் போனில் நான்காவது எண்ணைச் சுழற்றினாள்.

"ஓம், நான்தான். வாற வியாழன் அவற்ற ஆட்டைத் திவசம். பன்னிரண்டு மணிக்குள்ள வந்திடுங்கோ... மகனோ? அவன் எங்க வாறது. 'நீங்க இருக்கிறவரைக்கும் இந்த வீட்டுக்கு வரமாட்டன்' எண்டு சொல்லிப்போட்டு இறங்கினவன். ரெண்டு மணித்தியாலம்கூட அவர் இருக்கேல்லை."

ஒரு வருடத்தில் அந்த வாக்கியம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. அம்மாவின் குரல் இப்போது அதில் எங்கேயும் தடுக்குவதில்லை.

நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்ணன் பரமநாதன், கத்தோலிக்கப் பெண்ணான டோரதியைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் குடியேறி ஐந்து வருடமாகிறது. அப்பா விஸ்வலிங்கம் அதை விழுங்கியும் விழுங்காமலும் இருந்தார். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று சொல்ல அண்ணன் வந்தான். அப்பா கத்தினார். அண்ணனும் கத்தினான். அவன் ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டுவதற்குள் அப்பா சாப்பாட்டு மேசையோரம் சரிந்து கிடந்தார். மாரடைப்பு. வயது அறுபத்திரண்டு.

கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். அண்ணன் சுடுகாட்டு வாசலில் மழையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

அப்பா சிகரெட் பிடித்ததில்லை. ஒல்லியான உடம்பு. சர்க்கரை இல்லை, கொலஸ்ட்ரால் இல்லை. பின்னே வேறு எது கொன்றிருக்கும் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, கை நீட்டிக் காட்ட ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

*

ஆஸ்பத்திரி லேப்பில் புஷ்பராணிக்குப் பதினான்கு வருட வேலை. மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு நூர்ஜான் வந்து அவள் நாற்காலியைப் பிடித்து ஆட்டினாள்.

"வாக்கா. மேல ஹார்ட் டாக்டர் பேசறார். ஒரு மணி நேரம் ஏசில உக்காரலாம். கறிபாப் வேற குடுக்கிறாங்க."

"எனக்கு வேலை கிடக்கு நூர்ஜான்."

"எனக்கு மட்டும் இல்லையா? ரத்தம் எங்கயும் ஓடிப்போகாதுலா. வா."

டாக்டர் அப்துல் ரசாக் வெளிநாட்டில் படித்துவிட்டுப் புதிதாக வந்து சேர்ந்தவர். விளக்கை அணைத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். இருட்டில் யாரோ கறிபாப் பலகாரத்தைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

ரத்தக் குழாயை வெறும் தண்ணீர்க் குழாயாக நினைக்காதீர்கள் என்றுதான் அவர் தொடங்கினார். அதன் உள்சுவரில் ஒரு படலம் உண்டு. ஒரே ஒரு செல் தடிமன். ஆனால் அது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சு அல்ல. குழாய் எப்போது விரிய வேண்டும், ரத்தம் எங்கே உறையக்கூடாது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது அதுதான். உடம்பில் நீண்ட நாள் அழற்சி இருந்தால் அந்தப் படலம் கெடுகிறது. வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைகின்றன. கொழுப்போடு சேர்ந்து அங்கே ஒரு வீக்கம் உருவாகிறது. குழாயைப் பாதிகூட அடைக்காத சின்ன வீக்கம். ஆனால் அதன் மூடி வருடக்கணக்காக உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. ஒரு நாள் கிழிகிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது.

"மாரடைப்பு வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் சாதாரணமாகத்தான் இருக்கிறது" என்றார் அவர். "அவர்களுடைய ரத்தம் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். அதைக் கேட்பதற்குத்தான் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறோம்."

புஷ்பராணியின் கையில் இருந்த கறிபாப்பின் எண்ணெய் காகிதத்தைத் தாண்டி விரலில் இறங்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, திங்கட்கிழமை காலை, அப்பா காப்பி குடிக்காமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார். சட்டைக் கையை அவரே அளவாக மடித்து வைத்திருப்பார். துறைமுக ஆபீஸில் முப்பத்தோரு வருடம் கிளார்க்காக இருந்தவர். எதையும் ஒழுங்காக மடிப்பார். அவள் ரப்பர் பட்டையைக் கட்டி ஊசி போட்டு, ரத்தத்தைச் சின்னக் குழாய்களில் எடுத்து, கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள்.

"டொக்டரிட்டப் போய் ஏன் காத்துக்கொண்டு இருப்பான்? எங்கட வீட்டிலயே லேப் கிடக்கு" என்று அப்பா கோயிலில் எல்லாரிடமும் சொல்லுவார். அந்தப் பெருமையில் அவளுக்கும் பங்கு இருந்தது. கல்யாணம் ஆகாத மகள் வீட்டுக்கு எதற்கோ பயன்படுகிறாள் என்ற பங்கு.

பதினொரு மணிக்கு லேப்பிலிருந்து போன் செய்வாள். "கொலஸ்ட்ரால் நூற்றெண்பத்தாறு அப்பா. சர்க்கரையும் சரி." அவர் அதைச் சமையலறை வரை கேட்கும்படி திருப்பிச் சொல்வார்.

சொல்லாமல் விட்டது ஈ.எஸ்.ஆர். மட்டும்தான். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி நிமிர்த்தி நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். உடம்பில் எங்கேயோ நெருப்பு இருந்தால் வேகமாக இறங்கும். எங்கே என்று அது சொல்லாது. அப்பாவின் வயதில் இருபதுக்குள் இருக்க வேண்டியது, நாற்பத்தெட்டு இருந்தது. பிறகு அறுபத்து மூன்று. கடைசியாக எழுபத்தொன்று.

மூட்டுவலி, என்று அவள் நினைத்தாள். காலையில் அப்பாவின் விரல்கள் வீங்கிக் கோப்பையைப் பிடிக்க மறுக்கும். எண்ணெய் தடவி, வெந்நீரில் முக்கி எடுத்தால் எட்டு மணிக்குச் சரியாகிவிடும். மூட்டில் இருக்கிறது, அதனால் கூடியிருக்கிறது. எழுதிவிட்டு மூடிவிட்டாள்.

வேறு யாருடைய எழுபத்தொன்றாக இருந்தாலும் அவள் சிவப்பில் அடிக்கோடு போட்டிருப்பாள். மாடியில் ஒரு டாக்டர் அதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கியிருப்பார். மற்றவர்களின் தாளில் மேலே ஒரு டாக்டரின் பெயர் இருக்கும். அப்பாவின் தாளில் அந்த இடம் மூன்று வருடமாகக் காலியாகவே இருந்தது.

விளக்கைப் போட்டார்கள். எல்லாரும் எழுந்தார்கள். அவள் தாழ்வாரத்தில் டாக்டரை நிறுத்தினாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம். மூட்டுல அழற்சி இருக்கிற ஒருத்தர். ஈ.எஸ்.ஆர். எழுபத்தொன்னு. கொலஸ்ட்ரால் சரியா இருக்கு. அவருக்கு..."

"மூட்டுல இருக்கிறது மூட்டோட நிக்காதும்மா. ரத்தம் எல்லா இடத்துக்கும் போகுதே." தமிழில் பேசியபோது அவர் குரல் மாறி, வயது குறைந்துவிட்டது. "யாரு? பேஷண்டா?"

"போன வருஷம் இறந்துட்டார். அன்னைக்கு வீட்ல ஒரு சண்டை. அதனாலதான்னு வீட்ல சொல்றாங்க."

அவர் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"கோபம் வந்தா பிரஷர் ஏறும். அது உண்மைதான். நல்ல உள்சுவர் இருந்தா குழாய் விரிஞ்சு குடுக்கும். கெட்டுப்போன சுவர் விரியாது, இறுகும். ஆனா அது கிழியறதுக்குத் தயாரா ரொம்ப நாளாவே இருந்திருக்கும். அன்னைக்கு இல்லன்னா படி ஏறும்போது. இல்ல, குளிச்சிட்டு வரும்போது. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

"அந்த எழுபத்தொன்னை யாராவது ஒரு டாக்டர் பாத்திருந்தா?"

அவர் அவளுடைய கோட்டைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"மூட்டுக்கு வைத்தியம் பண்ணியிருப்போம். நெஞ்சுல ஏதாவது இருக்கான்னு கேட்டிருப்போம். இருக்குன்னு சொல்லியிருந்தா டெஸ்ட் எடுத்திருப்போம், ஆஸ்பிரின் குடுத்திருப்போம். காப்பாத்தியிருக்கலாம். காப்பாத்தாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா."

தெரியும் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். தெரியாது என்றதால், அவள் லேப்புக்குத் திரும்பி வந்து இருபத்தாறு ரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினாள்.

*

நாலரை மணிக்குக் கேண்டீனில் அண்ணன் காத்திருந்தான். நில அலுவலகத்தில் பெர்மிஷன் போட்டுவிட்டு ஃபெரி பிடித்து வந்திருந்தான். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது.

"என்னண்ணா, இப்படி எளைச்சுட்ட? டோரதி சமைக்கிறதில்லையா?"

"அவ நல்லாத்தான் சமைக்கிறா. அவங்கம்மா அமலம்மாள் வந்து சமைச்சாத்தான் எளைக்கும்." சிரிக்கப் பார்த்தான். "டோரதி உன்னை விசாரிச்சா."

"குட்டி?"

"ஓட்டம்தான். நடக்கவே மாட்டேங்கிறா."

பாலில்லாத கோப்பி ஓ வந்தது. அவன் குடிக்காமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"வியாழக்கிழமை நான் வரட்டுமா ராணி? உள்ள வரல. வாசல்ல நின்னு கும்பிட்டுட்டுப் போயிடறேன்லா."

"அம்மா..."

"தெரியும். கதவைச் சாத்துவாங்க. சாத்தட்டும். சாத்தின கதவைக் கும்பிடறேன்." கரண்டியை வைத்தான். "ஒண்ணு கேக்கணும் உன்கிட்ட. நீ லேப்ல இருக்க, உனக்குத் தெரியும். அன்னைக்கு நான் குரலை ஏத்தாம இருந்திருந்தா, அப்பா இருந்திருப்பார்தானே?"

அவள் மேசையில் சிந்தியிருந்த கோப்பியைத் துடைத்தாள்.

"போன வாரம் குட்டி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடுனா. லாரி வர்ற ரோடு. நான் பாத்துட்டேன். கத்திக் கூப்பிடணும். வாய் தொறந்துச்சு ராணி, சத்தம் வரல. அப்படியே நிக்கிறேன். டோரதி பின்னால இருந்து ஓடிவந்து தூக்கினா." அவன் தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டான். "ஒரு வருஷமா நான் சத்தமாப் பேசினதே இல்ல. அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

சொல், என்றது அவளுக்குள் ஏதோ. இப்போதே சொல். எழுபத்தொன்று என்று சொன்னால் போதும். அவன் நிமிர்ந்து உட்காருவான். அதற்கடுத்த நிமிடம் அவன் அவளைப் பார்ப்பான். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக அம்மா அவன்மேல் போட்ட பழியை அவள் அடுத்த அறையில் நின்று சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"பஸ் போயிடும் அண்ணா" என்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"அப்பா மாதிரியே. பதில் சொல்லப் பிடிக்கலன்னா வாட்ச் பாக்கிறது." மெல்லிய குரலில்தான் சொன்னான்; கோபப்படவில்லை. எழுந்து நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினான்.

*

ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி, இரண்டு மாடி ஏறி வீட்டுக்குள் வந்தபோது ஏழு மணி ஆகவில்லை. வெள்ளிக்கிழமை. அம்மா விளக்கேற்றிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். திவசத்துக்கு வருகிறவர்களின் பட்டியல் பக்கத்தில் கிடந்தது.

"முப்பத்தெட்டுப் பேர் வருகினம். வாழையிலைக்குச் சொல்ல வேணும்."

புஷ்பராணி பையை வைக்காமல் உட்கார்ந்தாள்.

"அம்மா, அண்ணாவால அப்பா சாகல."

பயத்தங்காய் முறிவது நிற்கவில்லை. "அவனைக் கண்டனியோ?"

"கண்டேன். ஆனா இது அவன் சொன்னதில்ல."

சொன்னாள். திங்கட்கிழமைக் காலைகளைச் சொன்னாள். போனில் சொன்ன எண்களையும் சொல்லாத எண்ணையும் சொன்னாள். குழாயின் உள்சுவரை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஒரு உவமை தேடினாள்; கிடைக்கவில்லை. விரலில் இருந்த வீக்கம் அப்பாவின் நெஞ்சுக்குள்ளும் இருந்தது, வருடக்கணக்காக இருந்தது, அது தன் கண்ணுக்கு எதிரில் எண்ணாக எழுதியிருந்தது, தான் அதை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை என்று சொன்னாள். பேசி முடித்தபோது தன் குரல் லேப்பில் முடிவு வாசிக்கிற குரல் மாதிரி இருந்ததை உணர்ந்தாள்.

அம்மா கையிலிருந்த காயை முறித்து முடித்தாள். பிறகு கேட்டாள்:

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. டாக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். அவருக்கும் அது அப்பான்னு தெரியாது."

"அப்ப சரி."

"என்னம்மா சரி?"

கமலாம்பிகை பயத்தங்காயைத் தள்ளி வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"செத்துப்போறதுக்கு ரெண்டு மாசத்துக்கு முந்தி, படியேறிக்கொண்டு வரேக்க நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். கீழ் வீட்டு வாசலில. 'டொக்டரிட்ட ஒருக்காப் போவமோ கமலா?' எண்டு கேட்டவர். அவர் வாயால டொக்டர் எண்டு வந்தது அண்டைக்குத்தான்." அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். "நான்தான் சொன்னன். ராணி போன கிழமைதானே பார்த்தவள், எல்லாம் சரியெண்டு சொன்னவள், சும்மா காசைக் கரைக்காதேங்கோ எண்டு. அவர் சிரிச்சுக்கொண்டு மேல வந்தார்."

வெளியே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. புஷ்பராணி தன் அம்மாவின் முகத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். காலையிலிருந்து நான்கு வீடுகளுக்கு, ஒரு வருடமாக இந்த ஊர் முழுக்க, அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது அண்ணனைப் பற்றியதே அல்ல. அந்தப் படிக்கட்டிலிருந்து தப்பி ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவனுக்கு மனிசி இருக்கு, பிள்ளை இருக்கு" என்றாள் அம்மா. "தம்பி தாங்குவான். ஆம்பிளை. உனக்கு ஆர் இருக்கு? எனக்குத்தான் ஆர் இருக்கு? சனம் உன்னைக் கேட்கும். லேப்பில இருந்துகொண்டு தேப்பனைப் பறிகொடுத்தவள் எண்டு கதைக்கும். நீ தாங்கமாட்டாய் பிள்ளை."

ஒரு வருடத்தில் அம்மா தன் மகனை வாஞ்சையாகத் தம்பி என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"அண்ணாவும் தாங்கலம்மா. அவனுக்குக் கத்த முடியல. பிள்ளை ரோட்டுக்கு ஓடியும் கத்த முடியல."

அம்மாவின் கண்கள் கலங்கின. ஆனால் கை மேசைக்கு மேலாக நீண்டு வந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, பச்சைக் காயின் ஈரம் இன்னும் ரேகைகளில் இருந்தபடி.

"அடிச்சுச் சத்தியம் பண்ணு. அவனுக்குச் சொல்லமாட்டன் எண்டு. நான் கண்ணை மூடுறவரைக்கும் போதும். அதுக்குப் பிறகு நீ என்னவும் செய். வியாழக்கிழமை அவனை உள்ளுக்க விடுறன். சாப்பிட்டுட்டுப் போகட்டும். மன்னிச்சிட்டன் எண்டு நானே சொல்லுறன். அது காணாதோ?"

காணும், அது போதும் என்று ஒரு கணம் தோன்றியது. முப்பத்தெட்டுப் பேர் முன்னால் அண்ணன் இலையில் உட்காருவான். அம்மா பரிமாறுவாள். எல்லாரும் கண் துடைத்துக்கொள்வார்கள். செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு அவன் ஃபெரி ஏறுவான். சாகிறவரை அதைச் செய்ததாகவே நம்பிக்கொண்டிருப்பான்.

"நீங்க படியில சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அம்மா" என்றாள் புஷ்பராணி. "அது உங்களோடது. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

"அப்ப கையில அடி."

"என்னோடதை நான் சொல்லணும்."

"அவன் உன்னை மன்னிக்காட்டி?"

புஷ்பராணி பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள்.

"நாளைக்கு எனக்கு அரை நாள்தான் வேலை. மத்தியான ஃபெரியில பட்டர்வொர்த் போய், கெப்பாலா பத்தாஸுக்கு பஸ் எடுக்கிறேன். சாப்பாட்டுக்குக் காத்திருக்காதீங்க."

நீட்டிய கை அங்கேயே இருந்தது. புஷ்பராணி தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து போகாமல், அம்மாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.